மிச்சமான நாற்பது இலை

எங்கள் சங்கத்து வாட்ஸ்அப் குழுவில் போன மாதம் ஒரு செய்தி வந்தது. ஆண்டு மலருக்கு நான் ஒரு கட்டுரை எழுதித் தர வேண்டுமாம். தலைப்பையும் அவர்களே வைத்துவிட்டார்கள்: 'சிக்கனக் கல்யாணத்துக்குப் பத்து யோசனைகள்'. கீழே ஒரு கும்பிடு, இரண்டு பூங்கொத்து. அனுப்பியவள் இப்போது மண்டபத்தைப் பார்த்துக்கொள்கிற பெண். கெட்டிக்காரிதான். கம்ப்யூட்டரில் வண்ண வண்ணமாகக் கட்டம் போட்டு வைத்திருக்கிறாள். "மாமி, உங்க எக்ஸ்பீரியன்ஸை பாயின்ட் பாயின்ட்டா எழுதிக் குடுத்தா போறும்" என்று குரலிலும் பேசி அனுப்பியிருந்தாள்.

பாயின்ட் பாயின்ட்டாகக் கல்யாணம் நடத்த முடியுமானால், என்னை எதற்கு முப்பத்தோரு வருஷம் சம்பளம் கொடுத்து அந்த மண்டபத்தில் மேனேஜராக வைத்திருந்தார்கள் என்று தெரியவில்லை. பத்து யோசனை என்னிடம் இல்லை. ஒன்றுதான் இருக்கிறது. அதையும் நான் கண்டுபிடிக்கவில்லை. மூக்கு உடைபட்டுத் தெரிந்துகொண்டேன். அதைச் சொல்வதற்கு முன்னால் என் வயிற்றெரிச்சலைக் கொஞ்சம் கொட்டிக்கொள்கிறேன். ரிட்டயரானவளுக்கு அந்த உரிமைகூட இல்லையா என்ன.

கொல்கத்தாவின் நியூ டவுனில் இப்போது 'மினிமல் வெட்டிங்' என்று ஒன்று நடக்கிறது. மேடையில் ஒன்றுமே இருக்காது. அந்த ஒன்றுமில்லாததை உண்டாக்க ஆறு பேர் இரண்டு நாள் வேலை செய்கிறார்கள். வாழை இலையைப் போல அச்சடித்த காகிதத்தில் சாப்பாடு. ஒரு மூலையில் தோசைக் கவுன்ட்டர். பட்டுப்புடவை கட்டிய மாமிகள் ரேஷன் கடையில் நிற்கிற மாதிரி தட்டும் கையுமாக நிற்கிறார்கள். காதில் ஒயர் மாட்டிய ஒரு பெண் என்னிடம் வந்து, "ஆன்ட்டி, நீங்க எந்த சைடு?" என்று கேட்டாள். "பசிச்ச சைடு" என்றேன். அவள் கையிலிருந்த பலகையில் அப்படி ஒரு சைடைத் தேடிப் பார்த்துவிட்டுப் போனாள்.

சரி, என் கதைக்கு வருகிறேன். கல்யாணமாகி இருபத்திரண்டு வயதில் கொல்கத்தாவுக்கு வந்தேன். அவருக்கு ஒரு சணல் கம்பெனியில் குமாஸ்தா வேலை. பத்து வருஷத்தில் கம்பெனியை இழுத்து மூடினார்கள். தெற்குக் கொல்கத்தாவில் நம்மவர்கள் சேர்ந்து கட்டிய கல்யாண மண்டபத்தில் ஸ்டோர் ரூமுக்கு ஆள் தேடினார்கள். நான் போய் உட்கார்ந்தேன். ஆறு மாதம் பருப்பை அளந்து போட்டேன். எந்தச் சமையற்காரன் முந்திரியை எங்கே ஒளிப்பான் என்று கற்றேன். அப்புறம் மேனேஜர் வேலையும் என் தலையில் வந்து விழுந்தது. பயிற்சி என்று பார்த்தால் அவ்வளவுதான்.

மீதியெல்லாம் பட்டாபிராமன் சாரிடம் கற்றது. அலிப்பூரில் ஏதோ அரசாங்க ஆபீசிலிருந்து ரிட்டயராகி, எங்கள் மண்டபத்துக்குக் கௌரவ செக்ரெட்டரியாக வந்தவர். மார்கழியிலும் கையில் குடை. நாற்காலி இருந்தாலும் உட்கார மாட்டார், ஜன்னலோரமாகத்தான் நிற்பார். சட்டைப் பையில் ஒரு விரல் நீளம்கூட இல்லாத பென்சில், அதைச் சீவ ஒரு பிளேடு. குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. உயர்த்தியிருந்தால் தேவலை என்று பல நாள் நினைத்திருக்கிறேன்.

கல்யாணத்துக்கு மண்டபம் கேட்டு யார் வந்தாலும் எங்கள் முறை ஒன்றுதான். முதல் நாள் அப்பாவிடம் ஒரு காகிதம், அம்மாவிடம் ஒரு காகிதம். இரண்டு பேரும் தனித்தனியாக உட்கார்ந்து, கூப்பிட வேண்டியவர்களை எழுத வேண்டும். 'ஆபீஸ் ஆட்கள் முப்பது' என்று எழுதினால் சார் திருப்பிக் கொடுத்துவிடுவார். எண்ணிக்கை கூடாது, பெயர் வேண்டும். இரண்டு காகிதத்திலும் இருக்கிற பெயருக்குக் கேள்வி கிடையாது. ஒன்றில் மட்டும் இருக்கிற பெயரைப் பற்றிப் பேச்சு நடக்கும். அந்தப் பேச்சில்தான் அந்த வீட்டுக் குட்டு முழுக்க வெளியே வரும். ஒரு தம்பதி எழுதிய இரண்டு காகிதத்துக்கும் பொதுவாக இருந்தது அவர்கள் பெண்ணின் பெயர் மட்டும்தான்.

இரண்டாம் நாள் செலவுப் பட்டியல். மேளம், பூ, வீடியோ, டிபன், சாயங்கால ரிசப்ஷன் என்று வரிசையாக எழுதி நான் வைப்பேன். சார் பென்சில் முனையை ஒரு வரியின் மேல் வைத்து, "இது யாருக்கு?" என்று கேட்பார். கேட்டுவிட்டுக் காத்திருப்பார். அவர் காத்திருப்பது ஒரு தனி வித்தை. மின்விசிறி ஓடுகிற சத்தம் மட்டும் கேட்கும். கடைசியில் அவர்களே ஏதாவது சொல்லிவிடுவார்கள். "என் பெரியக்காவுக்கு, அவளுக்குக் கண் தெரியாது, மேளச் சத்தமாவது கேக்கட்டும்" என்று ஓர் ஆளைச் சொன்னால் பென்சில் அடுத்த வரிக்குப் போகும். "எல்லாரும் பண்றாளே சார்" என்றால் ஒரு கோடு. அதுவும் மெல்லிய கோடு. அடியில் இருக்கிற எழுத்தை வாசிக்க முடியும். "அடிச்சது என்னன்னு தெரியணும். பின்னால யாராவது கேட்டா பதில் சொல்லணும்" என்பார்.

பாலிகஞ்சிலிருந்து ஒரு வக்கீல் குடும்பம் வந்தது. "சிம்பிளா பண்ணணும், பட்ஜெட் ரொம்ப டைட்" என்று வாசல்படி ஏறும்போதே ஆரம்பித்துவிட்டார்கள். பட்டியலில் ஐஸ்கட்டியில் செதுக்கிய அன்னப்பறவை ஒரு ஜோடி இருந்தது. சார் பென்சிலை வைத்தார். "கெஸ்ட்டுக்கு" என்றார் வக்கீல். "அவா அதைச் சாப்பிடுவாளா?" என்றார் சார். அவர்கள் வேறு மண்டபம் பார்த்துக்கொண்டார்கள். இன்னொரு குடும்பம் பாயசத்தை வெட்டிவிட்டு வீடியோக்காரர்கள் நான்கு பேரை வைத்தது. தாலி கட்டுகிற நேரத்தில் நான்கு பேரும் மணமக்களைச் சுற்றிச் சுவர் மாதிரி நின்றார்கள். பெண்ணின் தாய்மாமா மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து அந்தத் தாலியைப் பக்கத்திலிருந்தவன் செல்போனில் பார்த்தார். இப்படி இருபத்தெட்டு வருஷம் பார்த்ததில் எனக்கு ஓர் எண்ணம் வந்துவிட்டது: கல்யாண வீட்டுக்காரர்களுக்கு மூளை கிடையாது, அவர்களுக்கும் சேர்த்து நான்தான் யோசிக்க வேண்டும் என்று. அந்தத் தலைக்கனத்தோடு இருந்தபோதுதான் வைத்தா வந்தான்.

வைத்தியநாதன். பாலிகஞ்ச் ஸ்டேஷன் பக்கத்தில் பெட்டிக்கடை மாதிரி ஒரு கடை. கை முறுக்கு, தட்டை, இட்லிப் பொடி. எல்லாம் அவன் கையால் செய்தது. ஸ்டேஷனுக்கு அந்தப் பக்கம் கஸ்பாவில் ஒரு சந்தில் இரண்டாவது மாடியில் வீடு. சந்து முழுக்கப் பெங்காலிக் குடும்பங்கள். நடுவில் இவன் ஒருவன்தான் தமிழன். மனைவி இரண்டு வருஷம் படுத்த படுக்கையாக இருந்து போய்விட்டாள். ஒரே பெண் சுபா, பள்ளிக்கூடத்தில் டீச்சர். தமிழைப் பேசுவாள், யோசித்து யோசித்துப் பேசுவாள். பெங்காலி அருவியாகக் கொட்டும்.

கரக்பூரில் ரயில்வேக் குடும்பம் ஒன்றில் வரன் அமைந்தது. "அப்பா யார்கிட்டயும் கடன் கேக்கக் கூடாது. கேட்டா எனக்கு இந்தக் கல்யாணமே வேண்டாம்" என்று சுபா சொல்லிவிட்டாள். பிள்ளையின் அம்மா ஜெயம் மாமி எனக்கே போன் செய்தாள். "எங்களுக்கு ஒண்ணும் வேண்டாம். பாவம், தாயில்லாத பொண்ணு. எளிமையா பண்ணிடலாம். சீர் பட்சணம் மட்டும் குறையப்படாது. அஞ்சு தினுசு, தினுசுக்கு ஐம்பத்தொண்ணு. முறுக்கு பதினோரு சுத்து இருக்கணும்."

எளிமையாம். பதினோரு சுற்று முறுக்கு ஒரு தாம்பாளம் அகலம் இருக்கும். அதில் ஐம்பத்தொன்று. பெண் வீட்டார் பிள்ளை வீட்டுக்குக் கொடுக்கிற பட்சணக் கூடை அது. அதை ஊரெல்லாம் பகிர்ந்து காட்டிப் பெருமைப்பட்டுக்கொள்ளலாம். ஆசைக்கு எளிமை என்று பெயர் வைத்திருக்கிறாள் என்று நினைத்தேன். வைத்தா மட்டும் சிரித்தான். "அது என் கை வேலைதானே மாமி, பண்ணிடறேன். நூத்தியொண்ணு கேக்கலையேன்னு சந்தோஷப்படுங்கோ."

அவனுக்கு ஒரு காகிதம்தான் கொடுத்தேன். இன்னொன்று எழுத மனைவி இல்லை. சுபாவிடம் கொடுத்திருக்கலாம், எனக்குத் தோன்றவில்லை. அவன் பெயர்களை எழுதிக்கொண்டு வந்தான். முதல் பக்கத்தில் நம்மவர்கள். இரண்டாவது பக்கம் முழுக்க அந்தச் சந்து, அவர்கள் 'பாடா' என்று சொல்வார்களே, அந்தப் பாடாக்காரர்கள். மித்ரா காக்கிமா என்று முதல் பெயர்; காக்கிமா என்றால் பெங்காலியில் சித்தி. மேலிருந்து கீழ்வரை நாற்பது பேர்.

மறுநாள் செலவுப் பட்டியல். மேளம் இரண்டு பேர் போதும். பூ மாலைக்கு மட்டும். வீடியோ வேண்டாம், சுபாவின் சிநேகிதி போட்டோ எடுப்பாள். எல்லாம் மளமளவென்று போய்க்கொண்டிருந்தது. சார் பென்சிலை 'சாயங்கால ரிசப்ஷன்' என்ற வரியின் மேல் வைத்தார்.

"இது யாருக்கு?"

வைத்தா தலையைச் சொறிந்தான். "அது வந்து சார்... எங்க பாடால..."

அவன் முழுங்கி முழுங்கிப் பேசுவதைக் கேட்க எனக்குப் பொறுமை இல்லை. வெளியே அடுத்த பார்ட்டி காத்திருந்தது. "ஊருக்குக் காட்டத்தான் சார், வேற யாருக்கு? காலம்பரவே எல்லாரும் வந்து சாப்டாச்சுன்னா சாயங்காலம் என்னத்துக்கு இன்னொரு சாப்பாடு? அடிச்சுடுங்கோ" என்றேன். "மூணு மணிக்கு மண்டபத்தைக் காலி பண்ணினா பாதி நாள் வாடகைதான். கேட்டேளா வைத்தா?"

சார் பென்சிலை எடுக்காமல் வைத்தாவைப் பார்த்தார். வைத்தா என்னைப் பார்த்தான். அப்புறம், "மாமி சொன்னா சரிதான்" என்றான். கோடு விழுந்தது. அந்த ஒரே கோட்டில் அவன் கல்யாணச் செலவு பாதியாக இறங்கியது. நான் அன்றைக்கு வீட்டுக்குப் போய்ச் சந்தோஷமாகச் சாப்பிட்டேன். சாயங்காலத்துக்கு மண்டபத்தை நியூ டவுன் குடும்பம் ஒன்றின் ரிசப்ஷனுக்குக் கொடுத்துவிட்டேன். இதைவிடக் கெட்டிக்காரத்தனம் உண்டா?

கல்யாணம் ஒரு வேலை நாளில். முகூர்த்தம் காலை ஏழரைக்கு. குறை சொல்ல ஒன்றுமில்லை. ஜெயம் மாமிகூடக் காப்பி நன்றாக இருக்கிறது என்றாள். வைத்தா பட்சணத்தைக் கூடை கூடையாகக் கொண்டுவந்து வைத்தான். லட்டு, மைசூர்பாகு, அதிரசம், தேன்குழல். நடுவே அந்தப் பதினோரு சுற்று முறுக்கு, ஒன்றுகூட விரிசல் இல்லாமல். பார்த்த பெண்டுகள் வாயைப் பிளந்தார்கள். தாலி கட்டிய கையோடு கூடைகளைத் தாம்பூலத்துடன் சம்பந்தியிடம் கொடுத்தாயிற்று.

பந்தி ஆரம்பித்ததும்தான் பார்த்தேன். நாற்பது இலை போடாமல் அப்படியே இருந்தது. வைத்தா நிமிஷத்துக்கு ஒரு தடவை வாசலுக்கு ஓடி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"பாடாலேர்ந்து ஒருத்தரும் வரலையே மாமி."

"எப்படி வருவா? ஏழரை மணின்னா அவாளுக்கு அர்த்த ராத்திரி. எழுந்து டீ குடிச்சு, மீன் வாங்கிண்டு வரவே பத்தாயிடும்" என்றேன். "விடுங்கோ. உங்களுக்கு நாற்பது இலை மிச்சம்."

அவன் முகம் தெளியவில்லை. "ஆத்துக்கு ஆத்துக்கு நானே போய்க் கூப்பிட்டேன். மித்ரா காக்கிமாகூடவா வராம இருப்பா?" என்றான். யார் அந்தக் காக்கிமா என்று நான் கேட்கவில்லை. இரண்டு மணிக்கு மிச்சச் சாப்பாட்டை எங்கள் வழக்கப்படி ரிக்‌ஷாக்காரர்களுக்குக் கொடுத்துவிட்டேன். மூன்று மணிக்குப் பாத்திரம் கழுவிக் கவிழ்த்தாயிற்று. கஸ்பா வீடு சின்னது என்பதால், மணமக்களும் சம்பந்திகளும் மண்டபத்துக்குப் பக்கத்தில் எடுத்திருந்த கெஸ்ட் ஹவுஸில் இளைப்பாறிவிட்டு, கோயிலுக்குப் போய்விட்டு, ஹௌரா ஸ்டேஷனுக்குப் போகிற வழியில் கூடைகளை எடுத்துக்கொள்வதாக ஏற்பாடு. கூடைகள் என் ஸ்டோர் ரூமில் இருந்தன.

சாயங்காலம் ஆறரை. மண்டப வாசல் ஊதாப் பூவாக மாறியிருந்தது. நியூ டவுன்காரர்கள் வைத்திருந்த ஒயர் மாட்டின பெண் ஒருத்தி வருகிறவர்களை நிறுத்திப் பெயர் பார்த்துக்கொண்டிருந்தாள். வண்டி வந்ததும் கூடைகளைக் கொடுத்துவிட்டுக் கிளம்பலாம் என்று நான் ஆபீஸ் அறையைப் பூட்டிக்கொண்டிருந்தேன். வாசலில் ஒரே சந்தடி. போய்ப் பார்த்தேன்.

ஒரு கூட்டம் நின்றது. ஆண்கள் இஸ்திரி போட்ட குர்தாவில், பெண்கள் நல்ல பட்டில், தலைவாரிய குழந்தைகள், கைத்தடியோடு ஒரு பெரியவர். இரண்டு பேர் ரிப்பன் கட்டிய மிக்சிப் பெட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு நின்றார்கள். முன்னால் சிவப்புக் கரைப் புடவையில் ஓர் அம்மாள். அவள் அந்த ஒயர்ப் பெண்ணிடம் பெங்காலியில் நிதானமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள், நான் தமிழில் சொல்கிறேன்: "லிஸ்ட்டுல எங்க பேரு இருக்காதும்மா. நாங்க சுபாவோட பாடா. சுபா கல்யாணத்துக்கு வந்திருக்கோம்."

ஓடிப்போய், கல்யாணம் காலையிலேயே முடிந்துவிட்டதே, ஏழரை என்று கார்டில் போட்டிருந்ததே என்றேன்.

"பார்த்தோம்" என்றாள் அந்த அம்மாள். "அது பூஜை நேரம். அது வீட்டு ஆளுங்களுக்கு. அப்போ போய் நடுவுல நின்னா நல்லாவா இருக்கும்? விருந்துக்கு அழைச்சவங்க சாயங்காலம்தானே வரணும்? இந்த மண்டபத்துக்கு இதுக்கு முன்னால ரெண்டு கல்யாணத்துக்கு வந்திருக்கேன். ரெண்டுமே சாயங்காலம்தான்."

அந்த ரிசப்ஷன்களை நடத்தியவளே நான்தான். ஒவ்வொரு கல்யாணத்திலும் பெங்காலிகள் எல்லோரும் சாயங்காலம் வந்து சாப்பிட்டுப் போனதை வாசலில் நின்று பார்த்தவளும் நான்தான். காலையில் வீட்டார் சடங்கு, ராத்திரி ஊர் விருந்து என்பது இந்த ஊரில் எல்லா வீட்டுக் கல்யாணத்திலும் நடக்கிற வழக்கம். எனக்குத் தெரியாததா? பத்திரிகையில் ரிசப்ஷன் இல்லை என்றால் அவர்கள் காலையில் வந்துவிடுவார்கள் என்று எந்த மூளையோடு நினைத்தேனோ.

"தீதி, நீங்க கொல்கத்தாவுல எத்தனை வருஷமா இருக்கீங்க?" என்று அவள் அக்கா முறை சொல்லிக் கேட்டாள்.

"முப்பத்தெட்டு."

"அப்படியா" என்றாள். அவ்வளவுதான். இந்த வேலையில் என்னை எத்தனையோ பேர் திட்டியிருக்கிறார்கள். யாரும் அவ்வளவு சுருக்கமாகத் திட்டியதில்லை.

பதற்றத்தில் எனக்கு ஒரு யோசனை வந்தது. உள்ளே முந்நூறு பேருக்குச் சமைத்திருந்தார்கள், நூறு பேர்கூட வரவில்லை. பின்பக்கமாக இவர்களை அழைத்துப்போய் உட்கார வைத்தால் யாருக்குத் தெரியப்போகிறது? மெதுவாக அவள் காதில் சொன்னேன். அவள் ஓரடி பின்வாங்கினாள். "நாங்க பசிக்கு வரலை தீதி. யாரோ வீட்டுச் சாப்பாட்டை எதுக்கு நாங்க சாப்பிடணும்?"

அந்த நேரம் பார்த்து வண்டி வந்து நின்றது. முதலில் இறங்கியவன் வைத்தா. கூட்டத்தைப் பார்த்தான். யாரும் எதுவும் சொல்வதற்கு முன்னாலேயே அவனுக்குப் புரிந்துவிட்டது. சுபா பின்னாலேயே இறங்கி, "காக்கிமா" என்று ஓடிவந்து அந்த அம்மாளைக் கட்டிக்கொண்டாள். அப்போதுதான் யாரென்று எனக்குத் தெரிந்தது. அவள் ரிட்டயரான நர்ஸ். வைத்தாவின் மனைவி கிடந்த இரண்டு வருஷமும் தினம் இரண்டு வேளை மாடியேறி வந்து, புண் துடைத்து, துணி மாற்றிப் போட்டுவிட்டுப் போனவள். வைத்தா கடைக்குப் போன நேரங்களில் பின்னால் நின்ற அத்தனை பேரும் முறை போட்டுக்கொண்டு அந்த வீட்டில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

இந்த ஜனங்களைக் கூப்பிட்டுவிட்டுத் தெருவில் நிற்க வைத்துத் திருப்பி அனுப்பினால், நாளைக்கு அந்தச் சந்தில் வைத்தா எப்படி நடப்பான்? இத்தனைக்கும் அன்றைக்கு ரிசப்ஷன் வரியில் பென்சில் நின்றபோது அவன் சொல்ல வந்தது இதைத்தான். எனக்கு அங்கேயே பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது.

திடீரென்று அவன் என் ஸ்டோர் ரூமுக்குள் போய் லட்டுக் கூடையை வெளியே இழுத்துவந்தான். கயிற்றை அவிழ்க்கக் குனிந்தான். மித்ரா காக்கிமா அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"தாதா, இது தத்தோ இல்லையா?"

தாதா என்றால் அண்ணா; தத்தோ என்றால் பெங்காலிக் கல்யாணத்தில் ஒரு வீட்டார் இன்னொரு வீட்டுக்குத் தட்டுத் தட்டாக அனுப்புகிற சீர். நம் சீர்வரிசை மாதிரிதான். வைத்தா ஆமாம் என்று தலையசைத்தான்.

"குடுத்தாச்சு இல்ல? அப்போ இது மாப்பிள்ளை வீட்டுது. இதுல நீங்க கை வைக்கக் கூடாது. பொண்ணுக்கு அங்க பேச்சு வரும். நாங்க பசியோட ஒண்ணும் செத்துட மாட்டோம். சுபாவைப் பார்த்தாச்சு, போதும்." அவள் கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தாள். மிக்சிப் பெட்டியை வைத்திருந்தவர்கள் அதைக் கீழே வைத்தார்கள். கிளம்பத்தான் போகிறார்கள்.

ஜெயம் மாமி அதுவரை வண்டிக்குள்ளேயே இருந்தாள். கூடை வெளியே கிடப்பதைப் பார்த்துவிட்டு இறங்கி வந்தாள். சரி, இனிமேல் கேட்கவே வேண்டாம் என்று நினைத்தேன். "என்ன நடக்கறது இங்கே?"

சுபா அவளுடைய தமிழில் சொன்னாள். "அம்மா, இவா எல்லாம் எங்க பாடா. என் அம்மாவைப் பாத்துண்டவா. காலைல வரணும்னு தெரியாது. இப்போ... இப்போ சாப்பாடு இல்லை." அதற்கு மேல் வார்த்தை கிடைக்காமல் அழுதுவிட்டாள்.

ஜெயம் மாமி என் பக்கம் திரும்பினாள். "இவாள்லாம் கல்யாணத்துக்குக் கூப்பிட்டவாளா?"

"ஆமாம்."

"சாப்டாளா?"

"இல்லை."

"அப்போ நீங்க என்னத்துக்கு இங்க மேனேஜர்?"

அவள் புடவைத் தலைப்பை இடுப்பில் சொருகிக்கொண்டு கீழே உட்கார்ந்தாள். லட்டுக் கூடையின் கயிற்றைப் பல்லால் கடித்து அவிழ்த்தாள். "என் ஆத்துக்கு வந்த பட்சணம். நான் யாருக்கு வேணா குடுப்பேன்" என்றாள். வைத்தா, ரயிலுக்கு நேரமாகிறதே என்று முனகினான். "கரக்பூருக்கு லோக்கல் ஓடிண்டேதான் இருக்கு. நாங்க ரயில்வேக்காரா, எங்களுக்கு நீங்க டைம்டேபிள் சொல்லாதேங்கோ. இலை இருக்கா?"

இலை இருந்தது. நான் பெருமையாக மிச்சம் பிடித்த நாற்பது இலை, ஓரம் சற்றுச் சுருண்டு, காய்கறி நறுக்குகிற பின்வராந்தாவில் கிடந்தது. அங்கேயே ஜமக்காளத்தை விரித்தோம். நான் நிமிர்ந்து பார்த்தபோது பட்டாபிராமன் சார் குடையைச் சுவரில் சாத்திவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இலைகளைத் துடைத்துப் போட்டுக்கொண்டிருந்தார். எப்போது வந்தாரோ தெரியாது. சமையற்காரரைக் கெஞ்சிக் காப்பி போடச் சொன்னேன். முப்பத்தேழு பேர் உட்கார்ந்தார்கள். ஜெயம் மாமி ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை தானே பரிமாறினாள். அவளுக்குப் பெங்காலி நன்றாகவே வரும் என்பது அப்போதுதான் தெரிந்தது. மித்ரா காக்கிமாவின் இலையில் மட்டும் இரண்டாவது லட்டை வைத்துவிட்டு, "பொண்ணை நன்னா வளர்த்திருக்கேள்" என்று தமிழில் சொன்னாள். அந்த அம்மாளுக்குப் புரிந்ததோ இல்லையோ, கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

முறுக்குக் கூடைக்கு வைத்தா கையை நீட்டினான். "அதைத் தொடாதேங்கோ" என்றாள் ஜெயம் மாமி. "அது எங்க காலனிக்குப் போயாகணும். நான் எல்லார்ட்டயும் சொல்லி வெச்சிருக்கேன்." எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளைப் பேராசைக்காரி என்று மூன்று மாதம் நினைத்துக்கொண்டிருந்தேன். ஆசை இருக்கத்தான் செய்தது. அது அந்தப் பதினோரு சுற்றோடு நின்றது.

வண்டி கிளம்பும்போது வைத்தா என்னிடம் வந்து, "ரொம்ப சிரமப்பட்டேள் மாமி" என்றான். நன்றிதான் சொன்னான். திட்டியிருந்தால் ராத்திரி தூங்கியிருப்பேன்.

மறுநாள் காலையில் சார் ஜன்னலோரம் நின்றுகொண்டிருந்தார். மேஜை மேல் வைத்தாவின் பட்டியல். நானே முந்திக்கொண்டேன். ஒரு கல்யாணத்துக்கு ஆயிரம் விஷயம் இருக்கிறது, வைத்தாவாவது வாயைத் திறந்திருக்கலாம், அந்த ஜனங்களாவது ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம் என்றெல்லாம் அடுக்கினேன். அவர் முழுக்கக் கேட்டார். பிறகு பென்சிலை எடுத்து, கோடு போட்ட அந்த வரியின் மேல் வைத்தார். கோட்டுக்கு அடியில் 'சாயங்கால ரிசப்ஷன்' என்று என் கையெழுத்து தெளிவாகத் தெரிந்தது.

"இது யாருக்குன்னு அன்னிக்குக் கேட்டேன். ஞாபகம் இருக்கா?"

"இருக்கு சார்."

"யார் பதில் சொன்னா?"

"நான்தான் சார்."

மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. அவர் பென்சிலைப் பையில் போட்டுக்கொண்டு குடையை எடுத்தார்.

"நான் வைத்தாவைன்னா கேட்டேன்" என்றார்.